இரண்டாவது பிரேக்

அன்றைக்குக் காலையில் வண்டி வாசலிலேயே உறுமி உறுமி நின்றுபோய்க் கொண்டிருந்தது.

"கிளட்ச்சைப் படக்குனு விடாதேம்மா. தூங்குற குழந்தை தலைக்குக் கீழே கை மாட்டிக்கிட்டா எப்படி உருவுவே? அப்படி விடு."

"எனக்குக் குழந்தையே இல்லையே அக்கா."

"வண்டி கத்துக்கோ, அப்புறம் அதெல்லாம் பாத்துக்கலாம்."

உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து அச்சுத்தாள்களில் பிழை திருத்திக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் கத்திக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் அவளிடம் கற்றவர்கள். 'கிளட்ச் அக்கா' என்றால்தான் அவளைத் தெரியும். இடதுபக்க இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் பொருத்திய வெள்ளை வண்டி அவளுடையது. பட்டறை வைத்திருக்கும் அவள் தம்பி பொருத்திக் கொடுத்தது.

அவருக்கோ சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். "கிளட்ச் அக்கா வீட்டுக்காரரு பஸ்ல போறாரு பாரு" என்பது தெருவில் பழைய கேலி. "ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்பது அவருடைய பழைய பதில்.

அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு அவள் உள்ளே வந்தாள்.

"என்னங்க, பெல்ட் போடும்போது இடதுபக்கம் மார்ல ஏதோ தட்டுப்படுது. கோலிக்குண்டு மாதிரி."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல."

"வலி இல்லேன்னா என்ன?" என்றார் அவர். அவளும் அதே நினைப்பில்தான் இருந்தாள். இருவரும் டீ குடித்தார்கள். சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வந்து, "இல்லங்க, ஒரு தடவை காட்டிட்டு வந்துடுவோம்" என்றாள்.

மருத்துவர் ஒரு பெண். நிதானமாகப் பேசுகிறவர். முதலில் விரல்நுனியால் இரு மார்புகளையும் இரண்டு அக்குளையும் தொட்டுப் பார்த்தார். "வலிக்காத கட்டின்னு அலட்சியமா இருக்கக் கூடாதும்மா. நீங்க வந்தது நல்லது" என்றார். பிறகு மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அமுக்கி எடுக்கும் எக்ஸ்ரே, அதன்பின் ஸ்கேன், அதற்கும்பின், மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளாகச் சதை எடுத்தார்கள்.

"ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் வருதுங்க" என்றாள் வெளியே வந்து. "என்னையும் உங்க ஆபீஸ் பேப்பர்னு நெனச்சுட்டாங்க."

முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வந்ததை அவர் வரிவரியாகப் படித்தார். பிழை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற மனிதர். பெயர், வயது, இடதா வலதா என்று எல்லாவற்றையும் சரிபார்த்தார். அதில் ஒரு பிழையும் இல்லை. புற்றுநோய்தான்.

"எந்த ஸ்டேஜ் டாக்டர்?" என்று கேட்டார்.

"அதுக்கு மூணு விஷயம் தெரியணும். கட்டி எவ்வளவு பெருசு, அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டிக்குப் போயிருக்கா, வேற உறுப்புக்கு எங்கேயாவது போயிருக்கா. ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்றேன்."

உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் ஒன்றும் இல்லை. அக்குளில் மட்டும் பரவியிருந்தது. இரண்டாம் கட்டம் என்றார் மருத்துவர். குணமாக்கும் நோக்கத்தோடுதான் வைத்தியம் செய்யப் போகிறோம் என்றார். சில கட்டிகள் உடம்பில் சுரக்கும் ஹார்மோனைத் தின்று வளரும், அவற்றுக்கு மாத்திரை உண்டு; இந்தக் கட்டி அந்த வகை இல்லை, குறிபார்த்துத் தாக்கும் ஊசிக்கும் பிடி கொடுக்காத வகை, அதனால் கீமோதான் ஆயுதம் என்றார். முதலில் மருந்து, பிறகு கத்தி. அப்போதுதான் கட்டி சுருங்குகிறதா என்று கண்ணால் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் அவள் பாடம் கேட்கிற மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். முகம் மாறவில்லை. கடைசியாக மருத்துவர் சொன்னார்:

"கீமோ போட்டா உடம்புல எதிர்ப்புச் சக்தி குறையும். கூட்டத்துல, பஸ்ல வேண்டாம். காய்ச்சல் வந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது, உடனே இங்க வந்துடணும். வீட்டுல யாரு வண்டி ஓட்டுவாங்க?"

"நான்தான்."

"உங்களைத் தவிர?"

அவள் முகம் சிவந்ததை அவர் பார்த்தார். புற்றுநோய் என்றபோது குனியாத தலை அப்போது குனிந்தது.

வெளியே வந்து வண்டிக் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "ஊரு உலகத்துக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். என் வீட்டுல ஒரு டிரைவர் இல்ல. இதைவிட மானக்கேடு வேற இருக்கா? நாளைக்கு நீங்க என் ஸ்டூடன்ட்."

"இந்த வயசுலயா?"

"உங்க வயசுல பஸ் ஓட்டுறவங்க எல்லாம் ரிட்டையர் ஆகலை இன்னும். வாங்க சார்."

வீட்டுக்குள் 'என்னங்க', வண்டிக்குள் 'சார்'. ஆண் மாணவர்கள் எல்லாரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவரும் விட்டுக்கொடுக்காமல் 'அக்கா' என்றார்.

கீமோ அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. சிவப்பு மருந்தைக் கொண்டுவந்த நர்ஸ் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அக்கா! என்னைத் தெரியலையா? கரண்டுக் கம்பத்துல இடிச்சேனே!"

"எந்தக் கம்பம்? ஆளுக்கொண்ணு இடிச்சிருக்கீங்க."

"பேக்கரி முன்னாடி."

"அட, நீயா! கம்பம் இன்னும் சாஞ்சுதான் நிக்குது." கையை நீட்டினாள். "ஊசியாவது நேரா போடுவியா?"

"போடுறேன் அக்கா. மெதுவா விடுறேன், கிளட்ச் மாதிரி."

பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த அறையில் அவளுக்கு ஒரு மரியாதை. தலைமுடி கொட்டியது. வாய் புண்ணானது. மருந்து போட்ட வாரம் அவளால் எழுந்திருக்க முடியாது. அடுத்த வாரம் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் மாஸ்க்கோடு இடதுபக்கம் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

"சார், கண்ணாடியைப் பாருங்க. உங்க மூஞ்சிய இல்ல, பின்னாடி வர்ற லாரியை."

அவர் ஓட்டினார். முக்கு வந்தால் வண்டி தானாகவே வேகம் குறைந்தது, யாராவது குறுக்கே வந்தால் தானாகவே நின்றது. பரவாயில்லையே, நமக்கும் கை வந்துவிட்டதே என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

லைசென்ஸ் டெஸ்டுக்கு அதே வண்டியில்தான் போனார். இடதுபக்கம் அவளுக்குப் பதிலாகத் தொந்தியும் மீசையுமாக ஆய்வாளர் உட்கார்ந்தார். எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு திருப்பத்தில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. அவர் நாயைப் பார்த்தார். வண்டி நிற்கும் என்று காத்திருந்தார். நாயும் அவரைப் பார்த்தது. ஆய்வாளர் "ஐயோ" என்று காலால் ஓங்கி மிதித்த பிறகுதான் வண்டி நின்றது.

"என்ன சார், நான் பிரேக் போடுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமாங்க" என்றார் அவர். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

கிளட்ச் அக்கா மாணவர் ஒருவர் பிரேக் போடாமல் பெயிலானது அதுதான் முதல் தடவை. மச்சான் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "மாமா, அந்த நாய் பாஸாகியிருக்கும்." அவளும் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"உங்க மேல தப்பில்லங்க. மத்தவங்க ஓட்டும்போது கடைசி நொடி வரைக்கும் காலைத் தூக்கித்தான் வெச்சிருப்பேன். அவங்களா மிதிக்கணும். அதான் என் பாடமே. உங்களுக்கு மட்டும் என் கால் அவசரப்பட்டிருக்கு. முக்கு வர்றதுக்கு முன்னாடியே அமுக்கியிருக்கேன். எனக்கே தெரியலை."

"பாவம்னு பாத்திருப்பே."

"பாவம் பாத்தா வண்டி ஓட்ட வராது." அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த மருந்துக்குப் பிறகு ஒரு நாள் மதியம் அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். மருத்துவர் சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தது. மச்சானுக்குப் போன் போட்டார். அவன் யாரோ ஒருவருடைய வண்டியை இழுத்துவர வெளியூர் போயிருந்தான்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்."

"அது வர்றதுக்குள்ள நாம போயிடலாம். சாவியை எடுங்க." பற்கள் தந்தியடிக்கச் சொன்னாள். "கத்துக்குற லைசென்ஸ் இருக்கு, எல் போர்டு இருக்கு, பக்கத்துல நான் இருக்கேன். சட்டப்படி எல்லாம் சரி."

இடதுபக்கம் ஏற்றி, கழுத்துவரை கனத்த போர்வையால் சுற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டார். அவள் இருக்கிறாள், அவள் காலுக்குக் கீழே பிரேக் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, கண்ணை மூடிக் கிடந்தாள். சந்தை முக்கில் தள்ளுவண்டிகள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள். பாலத்தில் எதிரே ஒரு தண்ணீர் லாரி. ஒவ்வொன்றிலும் வண்டி குறைய வேண்டிய இடத்தில் குறைந்தது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. காய்ச்சலிலும் இவள் கால் இவள் பேச்சைக் கேட்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் கம்பத்தில் இடித்த அந்த நர்ஸ் சக்கர நாற்காலியோடு ஓடிவந்து கதவைத் திறந்தாள். போர்வையை விலக்கினாள்.

அவள் இருக்கையின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களும் தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தன. பிரேக் தொடுவாரில்லாமல் கீழே இருந்தது.

"நீ... பிரேக் போடலையா?"

"வீட்டு வாசல்லயே காலைத் தூக்கி வெச்சுட்டேன்." வறண்ட உதட்டில் சிரிப்பு வந்தது. நர்ஸ் பக்கம் திரும்பினாள். "இவரு என் ஸ்டூடன்ட்."

அவர் பிழை திருத்திய முதல் புத்தகம் அச்சாகி வந்தபோதுகூட அவரைப் பற்றி அவள் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை. நர்ஸ் அதற்குள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். ரத்தம் எடுத்து, உடனே கிருமிகொல்லி ஏற்றினார்கள். சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார் மருத்துவர். வண்டியை ஓட்டிவந்தவர் வெளியே வராந்தாவில் சாவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த டெஸ்டில் தேறினார். அதே ஆய்வாளர்தான். "நாய் கூட்டிட்டு வரலையா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. மார்பு முழுவதையும் எடுக்காமல், கட்டி இருந்த பகுதியையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் மட்டும் எடுத்தார்கள். தையல் ஆறியதும், தூக்க வராத இடது கையை அவள் சுவரில் விரல்விரலாக எறும்பு மாதிரி ஏற்றிப் பழகினாள். "கியர் கையாச்சே, விட முடியுமா?" பிறகு கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் அவர்தான் ஓட்டிப் போனார். சில நாள் அவள் தூங்கிவிடுவாள். அவர் ஓட்டுகிற வண்டியில் கிளட்ச் அக்கா தூங்கினாள் என்று அச்சகத்தில் எல்லாரிடமும் சொன்னார்.

அவள் திரும்பவும் பாடம் எடுத்தாள். பழைய மாதிரியே வாசலில் கத்தினாள். ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு ஒரு வறட்டு இருமல் வந்து, போகாமல் ஒட்டிக்கொண்டது. ஸ்கேனில் நுரையீரலிலும் கல்லீரலிலும் தெரிந்தது.

"இது நாலாம் கட்டம்" என்றார் மருத்துவர். "இனிமே குணப்படுத்துறதுக்கு இல்லம்மா. எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் நல்லா வெச்சுக்கறதுக்கு."

"நல்லா வெச்சுக்கறதுன்னா வண்டியில உட்கார முடியணும் டாக்டர்."

"முயற்சி பண்ணுவோம்."

புது மருந்து கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தியது. அந்தக் கொஞ்ச காலத்தில், டெஸ்டுக்கு அனுப்ப வேண்டியவர்களை எல்லாம் அவள் அனுப்பிவிட்டாள். வாசலில் கிளட்ச்சைப் படக்குப்படக்கென்று விட்டுக்கொண்டிருந்த பெண்ணும் தேறினாள். வலி வந்தபோது வலிக்கு மருந்து கொடுத்தார்கள், மூச்சுத் திணறலுக்கும் கொடுத்தார்கள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில். கடைசி நாள் காலையில் கண்ணைத் திறந்து, "வண்டி எங்கே நிக்குது?" என்று கேட்டாள்.

"நிழல்லதான்."

"சரி" என்றாள்.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மச்சான் அழுது வீங்கிய முகத்தோடு கையை நீட்டினான். "சாவியைக் குடுங்க மாமா. நான் ஓட்டிட்டு வரேன். நீங்க அக்காகூடப் போங்க."

அவர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ உங்க அக்காகூடப் போப்பா. இது அவ வண்டி. அவ ஸ்டூடன்ட் ஓட்டுனாத்தான் மரியாதை."

ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஓட்டினார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தபோது ஓரமாக ஒதுக்கி, இண்டிகேட்டர் போட்டு, நிறுத்தி, அழுது முடித்துவிட்டுக் கிளம்பினார். சந்தை முக்கில் குறைத்தார். பள்ளிக்கூட வாசலில் நின்றார். பாலத்தில் வழி விட்டார்.

தெரு முழுக்க வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றையும் ஓட்டி வந்தவள் ஒரு பெண். வங்கியில் வேலை செய்கிறவள், பள்ளி வேன் ஓட்டுகிறவள், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று பலர். ஒருவருக்கொருவர் இடிக்காமல், வழி அடைக்காமல், ஒரே சீராக ஓரம் கட்டியிருந்தார்கள். அந்த வரிசையைப் பார்த்தபோது அவர் கழுத்து தானாக நிமிர்ந்தது. வெள்ளை வண்டியைப் பார்த்ததும் அவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள்.

வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகைக்குள் வண்டியைப் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். அவர் கண்ணாடியைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பினார், ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி கோணலாகப் போய் வாயில் தூணில் உரசி நின்றது. முன்னால் எடுத்துத் திரும்பவும் முயன்றார். மறுபக்கத் தூணில் உரசியது.

"ரைட்ல ஒடிங்க சார், ரைட்ல" என்றாள் நர்ஸ், அழுதுகொண்டே.

ஐந்து வருஷமாகிறது. அந்த வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். எங்கேயும் இடித்ததில்லை. ரிவர்ஸ் மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை.