யாரும் திருத்த முடியாத இதழ்

மனிதகுலம் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, எவராலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாத முதல் இதழ் கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்துதான் வரப்போகிறது என்று கல்லூரி கேன்டீனில் அறிவித்தேன். ஆசிரியர் நான்.

காரணம் இருந்தது. சென்ற இதழை வேர்ட் கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பதினாறு ஆண்டுகளாக எங்கள் தமிழ்ச் சமூகக் கூடத்தின் செயலாளராக இருக்கும் வெங்கிடராமன் மாமா 'விலக வேண்டும்' என்பது அதன் கடைசி வரி. யாரோ ஓர் எழுத்தைத் தட்டி 'விலக வேண்டாம்' ஆக்கி, என் பெயரோடு சுற்றவிட்டார்கள். மாமா நடுத்தெருவில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதைவிட அவமானம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தேர்தல். இளைஞர்களின் நாற்பது ஓட்டுகள்தான் முடிவு செய்யும். அதற்குள், பார்க்கலாம் ஆனால் தொட முடியாது என்கிற கோப்பு ஒன்று வேண்டும்.

வகுப்புத் தோழி மதுவந்தியும் நானும் மென்பொருள்களைச் சோதித்தோம். இணைப்பு அனுப்பும் செயலி எல்லாரையும் அனுமதி கேட்கச் சொன்னது. வசந்தி மாமி மட்டும் பதினோரு முறை கேட்டார். இன்னொன்று பிடிஎஃப் ஆக்கியது, ஆனால் கொம்புகளெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தன. மூன்றாவது, எழுத்துருவையும் உள்ளே வைத்து, யாரும் திருத்த முடியாதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. அதையே எடுத்தோம்.

"மலையாள லிபியிலயும் ஒண்ணு போடேன்டா. பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க அறியாது," என்றாள் மதுவந்தி.

"தமிழை மலையாளத்துல எழுதறதுக்கு நான் காயல் தண்ணில சாடிக் குதிச்சுடுவேன்."

"சாடு. முதல்ல நீந்தப் படி."

அனுப்பினேன். இளைஞர்களில் முதலில் சுபாஷிணி கூப்பிட்டாள்.

"சேட்டா, அடிபொளி! மேலே அந்தப் பெரிய டிசைன் யார் வரைஞ்சா?"

"அது தலைப்பு."

அடுத்தது நிகில். "எடா, நேக்கு ஒரு வரி மனசிலாகலை. ஆனா கொழப்பமில்லை, வெங்கிடராமன் மாமா ஆத்துக்கு வந்து வாசிச்சுக் கேப்பிச்சார். அவர் விலகவே கூடாதுன்னு எழுதிருக்கியாமே? எங்க செட்டோட எட்டு ஓட்டும் அவருக்குத்தான்!"

"பூட்டிருக்குடா அது!"

"அவர் நன்னாத் தெறந்துதான் வாசிச்சார்."

போனை வைத்தேன். மதுவந்தி எதிரில்தான் இருந்தாள். அவளுக்குத் தெரியாதபடி திரையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, விசைப்பலகையை மலையாளத்துக்கு மாற்றி, முதல் வரியைத் தட்டத் தொடங்கினேன்.