காலி டேங்க்

டுவேனின் இரண்டு கால்களையும் கட்டிப்பிடித்தபடி புல்தரையில் குப்புறக் கிடந்தேன். அவன் பூட்ஸ் என் தோளில் உதைத்தது. நான் விடவில்லை.

"விடு மார்லிஸ். உள்ள கெடக்கிறது என் அண்ணன்."

"என் புருஷன். நானே இறங்கல, பாத்தியா?"

எங்களுக்கு ஆறடி தள்ளி செப்டிக் டேங்கின் மூடி திறந்திருந்தது. அலுமினிய ஏணியின் இரண்டு முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த ஏணியில் இறங்கிய ஹார்லன், ஐந்து நிமிடமாக அடியில் கிடந்தார்.

காலையில்தான் லாரி வந்து டேங்கை முழுக்க உறிஞ்சிவிட்டுப் போனது. உள்ளே ஒரு குழாய் உடைந்திருக்கிறது, திங்கட்கிழமை ஆள் வருவான், அதுவரை மூடியைத் தொடாதீர்கள் என்று டிரைவர் சொன்னான். திங்கட்கிழமை வரை பொறுக்கிற மனிதரா இவர்?

விஸ்கான்சினில் நாற்பது வருடம் மாடு வைத்துப் பால் கறந்தவர். சாணிக்குழியின் விஷவாயு ஆளைக் கொல்லும் என்று எங்கள் பக்கத்தில் பால் பண்ணை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். குழி வேலியில் சாய்ந்து நின்ற பால் லாரிக்காரனையே சட்டையைப் பிடித்து இழுத்தவர் ஹார்லன். ஆனால் வீட்டு டேங்க் என்றால் சிரித்தார்.

"அது அறுபது பசுவோடது. இது நம்ம ரெண்டு பேரோடது. அதுவும் காலி. என்ன பண்ணிடும்?"

மேலிருந்து குறடு எடுத்துக் கொடுக்கத்தான் டுவேன் வந்திருந்தான். இறங்கிக்கொண்டே ஹார்லன் அவனிடம், "உன் சமையலுக்கு இந்த வாசனை எவ்வளவோ..." என்றாராம். அந்த வாக்கியம் முடியவில்லை. டுவேன் கயிறு தேடிக் கொட்டகைக்கு ஓடினான். அவன் போட்ட சத்தத்தில் நான் சமையலறையிலிருந்து போனோடு வந்தேன். கயிற்றோடு திரும்பியவன் ஏணியில் கால் வைக்கப் போனபோதுதான் பாய்ந்து பிடித்தேன்.

புல்லில் கிடந்த போனில் அவசர உதவிப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். "யாரும் உள்ள போகாதீங்க. எட்டியும் பாக்காதீங்க. காத்து முதுகுல படுற பக்கமாத் தள்ளி நில்லுங்க. மூச்சு சிலிண்டரோட வந்துட்டிருக்காங்க. பதினாலு நிமிஷம்."

"பதினாலா?" டுவேன் திமிறினான். "மூச்சைப் பிடிச்சிட்டு இறங்கினா ஒரு நிமிஷம். கயித்தக் கட்டுவேன், நீ இழு."

"நீயும் விழுந்தா? இருநூத்தம்பது பவுண்டு இருக்கே. உன்னை யாரு இழுக்கிறது, நானா?"

பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. அடுத்த கணம் ஒரு பூட்ஸ் என் கையோடு கழன்றது. ஒற்றை பூட்ஸோடு எழுந்துவிட்டான். இரண்டு எட்டில் ஏணி. இனி என் கைக்கு அவன் அகப்படமாட்டான்.

"டுவேன், அவர் போயிட்டார்."

நின்றான்.

"நீ கயிறு தேடப் போனப்ப எட்டிப் பாத்தேன். கண்ணு நிலைகுத்திப் போச்சு, மூச்சு இல்ல. விழுந்த உடனேயே முடிஞ்சிருக்கு. செத்த ஆளுக்காகவா நீ சாகப்போற?"

அவன் அப்படியே மண்டியிட்டான். பிறகு தவழ்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தனியாக ஆள் கிடையாது. தச்சு வேலையையும் மளிகைக் கடையையும் பாதியில் விட்டுவிட்டுத்தான் ஓடி வரவேண்டும். பதினாலு நிமிடம் பத்தொன்பது ஆனது. அத்தனை நேரமும் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். செய்ய ஒன்றுமில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் லோவெல்தான் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கினான். மேலே கொண்டுவந்த ஹார்லனை அரைமணி நேரம் போராடியும் எழுப்ப முடியவில்லை.

அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டுவேன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ அன்னிக்குச் சொன்னது நல்லதாப் போச்சு மார்லிஸ். உடனே போயிட்டார்னு தெரிஞ்சதால கொஞ்சம் தூங்குறேன். இல்லேன்னா பைத்தியம் பிடிச்சிருக்கும்."

அவன் கோப்பையில் காபி ஊற்றினேன்.

நான் எட்டிப் பார்த்தபோது ஹார்லன் விழித்திருந்தார். ஏணியின் கடைசிப் படியை விரல்களால் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. என் பெயரைத்தான் சொன்னார்.