மறதிக்காரப் பியானோ

என் மனைவி பியானோ வாசிக்க உட்கார்ந்தால், சமையலறைத் தட்டுகள் தாமாக நகர்ந்து அலமாரியின் விளிம்புக்கு வந்து நின்று கேட்கும். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். எல்லாத் தட்டும் ஓரம் உடைந்தவை. பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். என்னை மட்டும் மாணவனாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. என் விரல்கள் பூசணிக் காம்பாம்.

எங்களுடையது மின்சாரப் பியானோ. கட்டை எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று அதில் மாற்றி வைக்கலாம். 'நார்மல்' என்றால் ஓங்கி அடித்தால்தான் ஓங்கி ஒலிக்கும். 'லைட்' என்றால் லேசாகத் தொட்டால் போதும். 'ஃபிக்ஸ்டு' என்றால் யானை மிதித்தாலும் ஈ உட்கார்ந்தாலும் ஒரே சத்தம். டீச்சருக்கு எப்போதும் நார்மல்தான். மற்றதெல்லாம் சோம்பேறிகளுக்கு என்பாள்.

பிறகு நரம்பு வியாதி வந்தது. கைகளில் பலம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், திரும்ப ஏறாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். சத்தம் மெலிந்தது காதில் விழுகிற அன்று அவள் பியானோவை மூடிவிடுவாள். அதற்குப் பிறகு அவளிடம் மூடுவதற்கு வேறொன்றும் மிஞ்சாது. ஆகவே அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து லைட்டுக்கு மாற்றினேன். அதுவும் போதாமல் போனபோது ஃபிக்ஸ்டு.

ஆனால் அந்தப் பியானோ மறதிக்காரப் பிறவி. அணைத்தால் எல்லாம் மறந்து நார்மலுக்குப் போய்விடும். எனவே தினமும் காலையில் துணியும் கையுமாகத் துடைக்கிற சாக்கில் மாற்றி வைப்பேன்.

"இந்த வீட்டுல தூசி பியானோ மேல மட்டும்தான் விழுதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

மேல் வீட்டுக்காரர் அவள் வாசிப்பைத் தாங்க முடியாமல், காதில் தலையணையைக் கட்டிக்கொண்டே ஆபீஸ் போகிறார் என்றும் சொல்லி வைத்தேன்.

"கட்டட்டும். முகத்துக்கும் சேத்துக் கட்டினா நமக்கு நல்லது" என்றாள்.

ஒருநாள் எனக்குக் கண் ஆபரேஷன். போகிற பதற்றத்தில் பியானோவை மறந்துவிட்டேன். டீச்சருக்குத் துணையாக மகள் இருந்தாள். ஒரு கண்ணில் கட்டோடு திரும்பிப் படியேறும்போதே பாட்டு கேட்டது. குறையில்லாத சத்தம். மெஷினே பழகிவிட்டது போல என்று எண்ணிக்கொண்டு கதவருகே வந்தால், மகள் என்னை ஓரமாக இழுத்தாள்.

"அம்மாதான் ஏதோ மாத்தினாங்க. நான் செய்யறேன்னாலும் விடல. ஒரு பொத்தானை அழுத்த ரெண்டு கையாலயும் ரொம்ப நேரம் போராடினாங்கப்பா. தினமும் நீங்க வைக்கிறதாமே. அவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா தாங்க மாட்டீங்களாம்."

உள்ளே போய், மேல் வீட்டுக்காரர் வீட்டையே காலி செய்துவிட்டார் என்று டீச்சரிடம் சொன்னேன். தலையணையை விட்டுவிட்டுப் போனாரா என்று விசாரித்தாள்.

மறுநாளும் துடைத்தேன். அவளும் குளியலறையில் எனக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள்.

இப்போது அவள் இல்லை. பியானோவைப் பள்ளிக்கே கொடுத்துவிடலாம் என்கிறாள் மகள். பார்க்கலாம் என்றேன். தினமும் துடைத்து, ஃபிக்ஸ்டில் வைக்கிறேன். நேற்று மட்டும் வேண்டுமென்றே மாற்றாமல் வெளியே போனேன். திரும்பி வந்தும் கதவுக்கு வெளியே கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன். அவளுக்கு ரொம்ப நேரம் பிடிக்குமே.

உள்ளே போய் ஒரு கட்டையை லேசாகத் தொட்டேன்.

நார்மலில் ஈ உட்கார்ந்த சத்தம்தான் கேட்டது.