வலப்பக்கத்துக் கதவட்டை

காரின் இடப்பக்கக் கதவில் கடைசி கிளிப் கழன்று வந்தபோது ஹேமாவதியின் நகம் பெயர்ந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, உள்பக்கத் தகரத்தை மூடியிருந்த, ரெக்சின் போர்த்திய கதவட்டையை மறுகையால் இழுத்தாள்.

"இன்னாடி, நல்லா இருக்கறதயும் பிச்சிகினு கீற?" வாசற்படியில் நின்ற தாயாரம்மாள் கேட்டாள்.

"கத்தாதம்மா. நைனா காதுல உழப்போவுது."

போன மழையில் அவர்களுடைய கீழ்க்கட்டளை வீட்டு போர்ட்டிகோவுக்குள் தண்ணீர் வந்தது. தரைச் சரிவில் சாய்ந்து நின்ற பழைய ஃபியட்டில், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவட்டை மட்டும் ஊறி வளைந்துபோனது. நிமிர்த்தவேண்டும், நிமிர்த்தவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த ஜெயவேலு, ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிறகுதான் அந்த வேலையைத் தொடங்கினார். அதுவும் மகளின் கையால். கட்டிலில் படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். அட்டையின் பின்புறத்தை ஈரத்துணியால் நனைத்து, சமதரையில் கிடத்தி, மேலே இரண்டு அரிசி மூட்டை. நிழலில் நான்கு நாள்.

"நாலு நாளிக்கி யாரும் கை வைக்கக் கூடாது. அவசரம்னா உங்கம்மாவ மேல ஒக்கார வையி, ஒரே நாள்ல நிமிந்துடும்."

"ஒடம்பு இந்த நெலமைல கீது. வாய் மட்டும் கொறையல பாரு," என்றாள் தாயாரம்மாள்.

மூன்றாம் நாளான இன்று காலையில் வந்துபோன டாக்டர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "இன்னைக்குத் தாண்டறது கஷ்டம்மா" என்றார். அவருடைய வண்டி தெருமுனை திரும்புமுன் ஹேமாவதி மூட்டைகளைப் புரட்டிவிட்டு, ஈரம் போகாத அட்டையை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனாள். வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அவருக்குக் கண் தெரியாமல் போய் இரண்டு நாளாகிறது. நேரானதைத் தடவியாவது பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தபோது அது அப்பளம்போலச் சுருண்டிருந்தது.

அதனால்தான் இந்த அட்டை. ஒருபோதும் நனையாத, வளையாத, இடப்பக்கத்து அட்டை.

காலடிச் சத்தத்துக்கு அவர் முகத்தைத் திருப்பினார்.

"ஹேமாவா?"

"ஆமா நைனா."

"நிமிந்துகிச்சா?"

"நிமிந்துடுச்சு. தொட்டுப் பாரு."

அவர் பக்கத்தில் அட்டையைக் கிடத்தி, கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். உள்ளங்கை மேல்விளிம்பில் தொடங்கி மெதுவாக இறங்கியது. எங்கும் மேடில்லை. பிறகு, கண்ணாடியை இறக்கும் கைப்பிடிக்கான துளையைத் தேடிக் கட்டைவிரல் இடதுபக்கம் போனது.

அங்கே துளை இல்லை.

ஹேமாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பக்கத்து அட்டையில் இடதில் இருப்பது மறுபக்கத்து அட்டையில் வலதில் இருக்கும். முப்பது வருஷம் அந்தக் கதவோரம் உட்கார்ந்து ஓட்டியவர் அவர்.

விரல் நின்ற இடத்திலேயே நின்றது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று முறை கூவி அடங்கியது. அப்புறம் அந்தக் கை, அட்டையின் முழு அகலத்தையும் கடந்து, மெல்ல மறுபக்கம் போய்த் துளையைக் கண்டுகொண்டது. ஆள்காட்டிவிரல் நுனியை அதற்குள் விட்டு, அப்படியே வைத்திருந்தார்.

சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"நல்லா கீதும்மா," என்றார் அவர். அவளை அவர் அம்மா என்று கூப்பிட்டதே இல்லை.

மூன்று மணிக்குள் போய்விட்டார். விரலைத் துளையிலிருந்து தாயாரம்மாள்தான் எடுத்துவிட்டாள்.

சிறுசேரி ஆபீஸிலிருந்து தம்பி மோகன்ராஜ் வந்து சேர்வதற்கும் ஐஸ் பெட்டி வருவதற்கும் சரியாக இருந்தது. பெட்டியை வைக்க போர்ட்டிகோவைக் காலி பண்ண வேண்டும். பேட்டரி இறங்கிப்போன வண்டியைத் தெருவுக்குத் தள்ள நாலு பேர் கூடினார்கள்.

"அக்கா, நீ ஸ்டீயரிங்ல ஒக்காரு. உனக்குத்தான் இது பழக்கம்."

வண்டி பின்னோக்கி நகர்ந்தது. யாரோ "ஒடிச்சுக்கோ, ஒடிச்சுக்கோ... ப்ரேக் புடி!" என்று கத்தினார்கள். எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றதும், தள்ளியவர்கள் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மோகன்ராஜ் மட்டும் அவள் பக்கமாக வந்து குனிந்தான். உதடுகள் அசைந்தன. காதில் விழவில்லை. கண்ணாடியை இறக்கச் சொல்லி, கையைச் சுற்றிக் காட்டினான்.

அட்டையை எடுக்கக் கழற்றிய கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில், வெறும் தகரத்திலிருந்து ஓர் இரும்பு முளை நீட்டிக்கொண்டிருந்தது. ஹேமாவதி அதை இரண்டு விரல்களால் பிடித்துத் திருகினாள். வழுக்கியது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி திருகினாள்.