சீமாட்டியின் நான்காவது கால்

சீமாட்டி என்கிற அந்த மட்டக்குதிரைக்குத் தெருவில் எதைக் கண்டும் பயமில்லை. பேருந்து காதருகே ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காது. பூங்காவைச் சுற்றிவரும் வண்டியில் ஆறு குழந்தைகள் ஏறிக் கூச்சல் போட்டாலும் தன் பாட்டுக்கு நடக்கும். ஆனால் காலை மட்டும் யாரும் தொடக் கூடாது. போன தடவை குளம்பு சீவ வந்த லாடக்காரரின் விலா எலும்பில் ஒன்றை உடைத்துத்தான் அனுப்பியது. அதன்பிறகு மூன்று மாதமாக அவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

குளம்போ யாருக்காகவும் காத்திருக்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது. முன்புறம் நீண்டு மேல்நோக்கி வளையத் தொடங்கிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, மயக்க ஊசியை இதன் இதயம் தாங்காது என்றார். இந்த மாதத்துக்குள் சீவாவிட்டால் தசைநார் கெட்டுவிடும், பிறகு நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்று அதை வளர்க்கும் வண்டிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே வலது கடைவாய்ப் பல்லில் சொத்தை; ஒரு வருடமாக இடது பக்கத்திலேயே மென்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பாக்கட்டுமா மாமா?" என்றாள் மருமகள்.

வண்டிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் பல் மருத்துவமனையில் உதவியாளர். குதிரை எந்தப் பக்கம் கடிக்கும், எந்தப் பக்கம் உதைக்கும் என்பதே இந்த வீட்டுக்கு வந்தபிறகுதான் அவளுக்குத் தெரியும்.

"அதுக்குப் பல்லுல ஒண்ணும் கோளாறு இல்லம்மா."

"பயம் இருக்குல்ல? எங்க நாற்காலில வந்து உக்கார்றவங்களுக்கும் அதேதான்."

மறுநாளே தொடங்கிவிட்டாள். வேலைக்குப் போகும் முன் காலையில் இருபது நிமிடம், ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடையாது. நீளமான துடைப்பக் கட்டையின் நுனியில் பழைய கையுறையில் துணி அடைத்துக் கட்டினாள். முதலில் அதைச் சீமாட்டியிடம் மோந்து பார்க்கக் கொடுத்தாள். பிறகு தோளைத் தொட்டாள், எடுத்துவிட்டாள். தோளிலிருந்து முட்டிவரை ஒரு தடவல், உடனே எடுத்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன செய்யப்போகிறாள் என்பதை வாய்விட்டுச் சொன்னாள்.

"இப்ப முட்டியத் தொடப்போறேன். தொட்டுட்டேன். எடுத்துட்டேன்."

கொட்டகை வாசலில் நின்ற வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருடம் குதிரையோடு குப்பை கொட்டியவர் அவர். இந்த வேகத்தில் போனால் குளம்புக்கு வருவதற்குள் தனக்குப் பேரன் பிறந்து அவனுக்குப் பல் முளைத்துவிடும் என்று நினைத்தார்.

"எதுக்கும்மா பாதியிலயே நிறுத்துற?"

"காதப் பாருங்க, பின்னால மடிக்குது. எங்க ஆஸ்பத்திரில வலிச்சா கையத் தூக்கச் சொல்லுவோம். தூக்கினா டாக்டர் நிறுத்திடணும். நிறுத்துவாங்கன்னு நம்பிக்கை வந்துட்டா அப்புறம் கையே தூக்க மாட்டாங்க."

"அப்ப வெடுக்குன்னு காலை உருவுனா?"

"கையும் கூடவே போகும். விட மாட்டேன், இழுக்கவும் மாட்டேன். அது சும்மா நின்னதும் விட்டுடுவேன்."

சொன்னபடியே செய்தாள். ஒரு வாரத்தில் கட்டை போய்க் கை வந்தது. பத்தாம் நாள், ஒருவர்கூடக் கிட்டப் போகாத பின்னங்காலின் கணுவில் அவள் கை இருந்தது. சீமாட்டி புல்லை மென்றபடி நின்றது. வண்டிக்காரருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பாசம் பொங்க உள்ளே இரண்டடி வைத்து, "ஒண்ணுமில்லடி கண்ணு, ஒண்ணுமில்ல" என்றார்.

அடுத்த நொடி தண்ணீர் வாளி சுவரில் மோதி நசுங்கியது. மருமகள் எப்படித் தப்பினாள் என்பது அவளுக்கே தெரியாது. முழங்கை சிராய்த்து இரத்தம் கசிந்தது. அவள் அதைக்கூடப் பார்க்காமல் மாமனாரைத்தான் பார்த்தாள்.

"மாமா, வாசல்ல நின்னு அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க. கிட்ட வராதீங்க."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். யாரும் தொடாமலே சீமாட்டியின் தொடை நடுங்கியது.

"இதுக்கு முன்னாடி எப்பல்லாம் இதச் சொல்லுவீங்க?"

எப்போதெல்லாம் என்று வண்டிக்காரருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கயிறு போட்டுக் காலைக் கட்டியபோதெல்லாம் சொன்னார். மூன்று பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தபோது அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அதைச் சொன்ன கையோடு அதற்கு வலித்திருக்கிறது.

"எங்ககிட்டயும் இப்படித்தான் மாமா. ஊசியப் பாத்துகூடப் பிள்ளைங்க பயப்படாது. 'வலிக்காது'ன்னு யாராவது சொல்லிட்டா போதும், ஊரையே கூட்டிடும்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தான் அத்தனை ஆசையோடு சொன்னதே அந்த உயிரை இத்தனை நாள் மிரட்டியிருக்கிறதே என்று நெஞ்சு வலித்தது. கொட்டகைக்குள் இனி வாயைத் திறப்பதில்லை என்று தாமாகவே முடிவெடுத்தார். குதிரையிடம் பேசாமல் ஒரு வேளைகூட இருந்தறியாதவருக்கு அது சாதாரணத் தண்டனை இல்லை. பலகைச் சந்து வழியாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். சிராய்ப்புக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மறுநாளே அதே காலருகில், அதே குரலில், மறுபடி தோளிலிருந்து தொடங்கிய மருமகளைப் பார்த்தார். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கையைத் தான் கண்டதில்லை என்று அவர் மனம் ஒப்புக்கொண்டது.

மாதக் கடைசியில் கையில் காலில் விழாத குறையாகக் கெஞ்சி லாடக்காரரை அழைத்துவந்தார். மருமகள் அவருடைய கத்தியையும் இடுக்கியையும் அரத்தையும் தோல் ஏப்ரனையும் சீமாட்டி மோந்து பார்க்கும்படி தரையில் வரிசையாக வைக்கச் சொன்னாள்.

"டோக்கன் போட்டுக் கூப்பிடுவீங்களா, இல்ல நேரா வரலாமா?" என்றார் லாடக்காரர்.

இரண்டு முன்னங்கால்கள் முடிந்தன. வலது பின்னங்காலும் முடிந்தது. சீவிய துண்டுகள் தரையில் பிறை பிறையாக விழுந்து கிடந்தன. மீதி இருந்தது இடது பின்னங்கால். விலா எலும்பை உடைத்த கால் அதுதான். லாடக்காரர் குனிந்தார், நிமிர்ந்தார், வேர்வையைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். தனக்கே தைரியம் சொல்லிக்கொள்வதுபோல, "ஒண்ணுமி..." என்று தொடங்கினார்.

வண்டிக்காரர் எப்போது உள்ளே பாய்ந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அவருடைய உள்ளங்கை லாடக்காரரின் வாயை இறுகப் பொத்தியிருந்தது. சீமாட்டியின் காது பின்னால் போனது. ஆண்கள் இருவரும் அசையாமல் நின்றார்கள். மருமகள் மட்டும் எப்போதும்போலப் பேசினாள்.

"இப்பக் காலைத் தூக்கப்போறோம். கொஞ்சம் இழுக்கும், அரம் சத்தம் கேக்கும். காதை மடிச்சா நிறுத்திடுவோம்."

காது மெல்ல முன்னால் வந்தது. அவள் கை கணுவைத் தொடுவதற்கு முன்பே சீமாட்டி அந்தக் காலைத் தானாகத் தூக்கிக் கொடுத்தது.

வண்டிக்காரர் லாடக்காரரின் வாயிலிருந்து கையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை முடிந்து சீமாட்டி முற்றத்தில் நான்கு குளம்பும் சமமாகப் பதிய நடந்துபோனதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை கழுவிக்கொண்டிருந்த மருமகளிடம் வந்து, வலது கன்னத்தைத் தடவியபடி நின்றார்.

"நாளைக்கு உன்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றேம்மா. இந்தப் பல்லை எடுத்துடலாம்."

ஒரு வருடமாக அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன விஷயம் அது. அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ மட்டும் பக்கத்துல நில்லு," என்றார் அவர். "என்ன செய்யப்போறாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே இரு. நான் கையத் தூக்கினா நிறுத்திடச் சொல்லு."