பத்தொன்பதாவது தோட்டா

சனிக்கிழமை விடிந்தால் எல்க் மான் வேட்டை தொடக்கம். பதினொரு வருஷம் குலுக்கலில் பெயர் போட்டு, இந்த வருஷம்தான் வெர்னாவுக்கு அனுமதிச் சீட்டு விழுந்தது. இன்றைக்கு வியாழன். கையில் நம்பிச் சுட ஒரு தோட்டா கிடையாது.

அவளுடைய பழைய துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா வந்து மாதக்கணக்காகிறது. அது பெரிய விஷயமில்லை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புது வெடிமருந்தும் புதுக் குண்டும் ஏற்ற, கார் கொட்டகையில் மேசை இருக்கிறது. அவளும் கணவன் ஆரினும் முப்பது வருஷமாக, அவரவர் தோட்டாவை அவரவர் செய்துகொள்கிறார்கள். போன ஞாயிறு அவள் இருபது செய்தாள். நேற்று பயிற்சித் திடலில் முதல் தோட்டாவைச் சுட்டால், 'டமார்' என்பதற்குப் பதில் 'பொட்' என்றது.

"பஸ் டிரைவரம்மா துப்பாக்கி தும்முதுடோய்!" என்று திடலே சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை. கூட்டில் மருந்தே இல்லை. மருந்தைப் பற்றவைக்க அடியில் இருக்கும் கேப்பு மட்டும் வெடித்து, குண்டு குழலின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது; கம்பி விட்டுத் தட்டித்தான் எடுத்தாள். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டிருந்தால் துப்பாக்கி முகத்துக்கு நேராகப் பிளந்திருக்கும்.

அதனால்தான் இன்று மதியம் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு கொட்டகைக்குள் புகுந்து மேசையைக் கவிழ்க்காத குறையாகக் காலி செய்துகொண்டிருந்தாள். தூண்டில் முள், ஆறிப்போன காபி, பாதி கழற்றிய கார்புரேட்டர், திறந்து கிடந்த மூன்று மருந்து டப்பா. எந்தக் கூட்டில் எந்த மருந்து போனதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"என் கார்புரேட்டர் எங்க?" ஆரின் வாசலில் நின்றான்.

"வெளியில. காத்து வாங்குது."

"எது எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன் நான். எல்லாத்தையும் கலைச்சுட்டியே!"

"கண்ணு இருக்கறப்பவே தொறந்து பாரு, கிழவா."

"ஒண்ணு வெத்தாப் போச்சு. அதுக்கு இந்தக் கூத்தா? மிச்சத்தை எடுத்துட்டுப் போய்ச் சுடு. பயந்தாங்கொள்ளி!"

ஒரே ஒரு மருந்து டப்பாவை மட்டும் மேசையில் விட்டாள். மற்றவை அலமாரிக்குப் போய்ப் பூட்டிக்கொண்டன. தராசுக்கு ஓர் இடம், குண்டை அழுத்தி ஏற்றும் கருவிக்கு ஓர் இடம், நடுவில் கூடுகளை நிறுத்தும் இரண்டு துளைப்பலகைகள். இடப்பக்கப் பலகையில் 'காலி' என்றும் வலப்பக்கத்தில் 'மருந்து போட்டது' என்றும் எழுதி ஒட்டினாள்.

ஆரின் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "மாத்தி ஒட்டியிருக்க."

"என்ன மாத்தி?"

"காலி வலது பக்கம்தானே? போட்டுட்டு இடது பக்கம் வைப்போம்."

வெர்னாவின் கை அப்படியே நின்றது. ஆரின் இடக்கைக்காரன். முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்த மேசையில் அது ஒரு விஷயமாக இருந்ததே இல்லை.

"ஞாயித்துக்கிழமை பஸ் ஷெட்லேர்ந்து போன் வந்து நான் உள்ள போனேனே, அப்ப நீ இங்க வந்தியா?"

"வந்தேன். பலகைக்கு ஒண்ணா ரெண்டுதான் மிச்சம் இருந்துச்சு. பாவம்னு முடிச்சுப் பெட்டியில வச்சேன். ஒரு நன்றி உண்டா?"

திரும்பி வந்தபோது இருபதும் முடிந்திருந்ததைப் பார்த்து, தானே முடித்துவிட்டுத்தான் போனோம் என்று நினைத்தவளும் அவள்தான்.

"இடது பக்கம் இருந்தது காலி, ஆரின். அதுல அப்படியே குண்டை ஏத்திட்ட. அதுதான் நேத்து தும்முச்சு."

"சரி, தப்புதான்."

"வலது பக்கம் இருந்ததுல நான் ஏற்கெனவே மருந்து போட்டிருந்தேன். அதுமேல நீயும் போட்டிருக்க."

ஆரினின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்தப் பழங்காலக் கூடு பெரியது, அதற்கு வேண்டிய மருந்து கொஞ்சம். இரண்டு மடங்கு கொட்டினாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியாது. சுட்டால்தான் தெரியும்.

வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குண்டைக் கழற்றும் சுத்தியலை எடுத்தாள். தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி ஓங்கித் தட்ட, குண்டும் மருந்தும் கழன்று விழுந்தன. மருந்தைத் தராசில் கொட்டினாள். சரியான எடை. அடுத்தது. அதுவும் சரி. தோள் கடுத்தது. நிறுத்தவில்லை. பதினெட்டும் சரியாக இருந்தன. பெட்டி காலி.

"பத்தொன்பது இருக்கணுமே?"

ஆரின் தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சட்டைப் பையில் கைவிட்டு ஒன்றை எடுத்து வைத்தான்.

"நாளைக்குக் காலையில சுட்டுக் காட்டலாம்னு… ஒண்ணும் ஆகாதுன்னு உனக்குக் காட்டத்தான்."

அவள் அதையும் சுத்தியலில் மாட்டித் தட்டினாள். மருந்தைக் கொட்டியதும் தராசு முள் வழக்கமான கோட்டைத் தாண்டி, அவ்வளவு தூரம் இன்னொரு முறையும் ஏறி நின்றது.

ஆரின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"உன் கண்ணு ரெண்டும் போயிருக்கும். உசிரே போயிருக்கும்." வெர்னா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்புறம் அந்த மானை வச்சு நான் என்ன பண்ண?"

ஆரின் எழுந்து, அவள் ஒட்டிய இரண்டு சீட்டையும் கிழித்தான். காலிக் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாய் கீழே இருக்கும்படி பலகையில் கவிழ்த்தான். பத்தொன்பது.

"காலின்னா கவுந்திருக்கும். மருந்து போட்டதுன்னா நிமிந்திருக்கும். போட்டதைக் கவுத்தா கொட்டிடும். இதுல இடக்கை வலக்கை கிடையாது."

வீட்டுக்குள் போன் அடித்தது. பஸ் ஷெட்டாக இருக்கும். அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலையா?" என்றான்.

"இன்னும் பத்தொன்பது இருக்கு" என்று வெர்னா முதல் கூட்டை நிமிர்த்தினாள்.