பின்வளவில் கொட்டில் இல்லை

மருமகன் என்ற சொல்லைக் கேட்டாலே கேதீஸ்வரிக்கு முதலில் ஒரு மோட்டார் சைக்கிள்தான் கண்ணுக்குள் வரும். மனிதனுடைய முகம் பிறகுதான் வரும். அது வராமலே விட்டாலும் அவளுக்கு மனக்குறை இல்லை.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண் பிள்ளையைப் பெற்றவள் ஒரு வீட்டைக் கட்டாமல் கண்மூட முடியாது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் பேரில் எழுதிவிட வேண்டும். மாப்பிள்ளை கைவீசிக்கொண்டு வந்து குடியேறுவார். பெற்றவர்கள் மரியாதையாகப் பின்வளவுக்கு நகர்ந்து ஒரு கொட்டில் போட்டுக்கொள்வார்கள். யாரும் இதைத் துக்கமாக நினைப்பதில்லை. கேதீஸ்வரியும் சிரித்த முகத்தோடுதான் பழுகாமத்து வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்தாள். பிறகு இளையவள் மேனுகாவையும் கூட்டிக்கொண்டு பின்னால் தகரக் கொட்டிலுக்குப் போனாள். புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அந்த ஒரு விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்.

ஒரு வருஷத்தில் மருமகன் மோட்டார் சைக்கிள் வாங்கினார். சிவப்பு நிறம். மாரி தொடங்கிய அன்று கொட்டில் வாசலில் வந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டிக்கு மழை படக்கூடாது மாமி என்றார். மாமிக்குப் படலாமா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமியும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வண்டி கொட்டிலுக்குள் நின்றது. கேதீஸ்வரி மகளோடு தங்கச்சி வீட்டு விறாந்தையில் இருந்தாள்.

அப்படிப் பின்வளவுக்குப் போனவர்கள், பின்வளவிலிருந்தும் போனவர்கள், போக ஒரு பின்வளவுகூட இல்லாதவர்கள் என்று ஒன்பது பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். மூன்று வருஷம் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கி, ஊருக்கு மேற்கே வயல் வட்டை தொடங்குகிற இடத்தில் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தை ஒன்பது பேர் பேரிலும் ஒரே காணி உறுதிப் பத்திரமாக எழுதுவித்தார்கள். காத்தான்குடி அப்துல் கபூர் ஹாஜியாரிடம் சீமெந்துக் கல் அடிக்கிற அச்சை இரவல் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் வந்து கல் அடிக்க வேண்டும், சுவர் கட்ட வேண்டும். எது யாருடைய வீடு என்று தெரியாமலே ஒன்பதையும் கட்டி முடித்து, கடைசியில்தான் சீட்டுக் குலுக்கினார்கள். முன்பே தெரிந்தால் அவரவர் சுவரில் மட்டும் சீமெந்து கூடிவிடும் என்று சொன்னவள் செயலாளர் இராசாத்தி. இராசாத்தி மீன் விற்கிறவள். மனிதர்களையும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் நம்புவாள்.

ஒரு பிசகு மட்டும் நடந்தது. ஜன்னல் வைக்கிற கிழமை பார்த்து அளவு நாடாவை ஒரு கன்றுக்குட்டி சப்பிவிட்டது. புது நாடா வாங்கும்வரை பொறுக்கப் பொறுமை இல்லாமல், ஒவ்வொருத்தியும் தன் தன் நெஞ்சளவுக்கு ஜன்னல் வைத்தாள். குள்ளமான கேதீஸ்வரிக்கு, நெட்டையான இராசாத்தி வைத்த ஜன்னல் சீட்டில் விழுந்தது. அன்றிலிருந்து அவளுடைய ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும். ரோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து ஏறி நிற்க வேண்டும்.

சங்கத்து விதிகளில் ஏழாவது கேதீஸ்வரியே சொல்லிச் சொல்லி எழுதுவித்தது. எந்த வீட்டையும் விற்கவோ ஈடு வைக்கவோ சீதனமாக எழுதவோ முடியாது. உறுப்பினர் உயிரோடு இருக்கும்வரை அவரை வெளியேற்றும் உரிமை மகளுக்கும் இல்லை, மருமகனுக்கு அறவே இல்லை. அந்த 'அறவே'யைப் போடும்போது அவள் மனதில் சிவப்பு நிறம் ஓடியது.

இனித்தான் வினை வருகிறது.

ஒன்பது கதவுக்கும் பிணைச்சல், அதுதான் கீல், வாங்கிவர மேனுகாவைக் களுவாஞ்சிக்குடிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரே நாளில் வாங்கி வரக்கூடிய சாமானை அவள் ஒன்பது நாள் போய் வாங்கினாள். ஒவ்வொரு நாளும் ஒரு கதவுக்கு மட்டும். ஹாட்வெயார் கடையில் நின்ற உதயரூபனும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டித் தரலாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மேனுகா பாலர் பாடசாலை ரீச்சர், வயது இருபத்தெட்டு, இதுவரை வந்த சம்பந்தமெல்லாம் வீடு இல்லையென்று திரும்பிப் போனது. பொடியனுக்கு விருப்பம், பிள்ளைக்கு விருப்பம். பொடியனின் தாய்க்காரி அன்னப்பூரணிக்குத்தான் வீட்டு உறுதி வேண்டுமாம். புரோக்கர் அழகரத்தினம் வந்து சொல்லிவிட்டுப் போனார்: வாற புதன்கிழமை குருக்கள்மடத்திலிருந்து வாவியைக் கடந்து பெண் பார்க்க வருகிறார்கள், உறுதியை எடுத்து வையுங்கள். பெண்ணைப் பற்றி அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

கேதீஸ்வரி ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றாள். ஒரே ஒரு முறை, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும், ஏழாவது விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன என்று கேட்டாள். பிள்ளையின் வயதைச் சொன்னாள். பிணைச்சல் கதையையும் மறைக்காமல் சொன்னாள். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்களில் ஐந்து பேருக்கு வீட்டில் கலியாண வயதில் பிள்ளை இருந்தது. இன்றைக்குக் கேதீஸ்வரிக்குத் திறக்கிற கதவு நாளைக்கு யாருக்கும் பூட்டாது என்று அவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இராசாத்தி விதிப் புத்தகத்தை எடுத்து ஏழாவதை வாசித்தாள். 'அறவே' வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தாளுக்கு மேலால் கேதீஸ்வரியைப் பார்த்தாள்.

"மாத்துவம்கா. ஆருக்கும் மறுப்பில்ல. நீதான் எழுதச் சொன்ன நீ. முதல்ல உன்ட கையத் தூக்கு, மறுகா நாங்க தூக்கிறம்."

கேதீஸ்வரியின் கை மடியிலிருந்து கிளம்பியது. தோளைத் தாண்டியது. காது வரை போய், அங்கே ஒரு அரிப்பைக் கண்டுபிடித்து, சொறிந்துவிட்டுத் திரும்ப மடிக்கு வந்துவிட்டது. கூட்டம் முடிந்தது.

கை தூக்காதவள் களவு செய்யமாட்டாள் என்று நினைக்காதீர்கள் மக்காள். தாய்மார் மனம் அப்படி நேராகப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை அவள் இராசாத்தியிடம் போய், பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி உறுதியை வாங்கி வந்தாள். ஒன்பது பேரில் முதல் பேர் அவளுடையதுதான். அவளுடைய பேருக்குக் கீழே நகத்தால் நீவி ஒரு மடிப்பு மடித்தாள். மடித்ததும் ஒன்றரை ஏக்கரும் ஒன்பது வீடும் அவளுக்கு மட்டுமே சொந்தமாயின. எட்டுப் பேர் ஒரு மடிப்புக்குள் போய்விட்டார்கள். அவளுக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை எண்ணெய் டின்னில் ஏறி நின்று பார்த்தபோது ஆட்டோ வந்துகொண்டிருந்தது. அன்னப்பூரணி இறங்கினாள். ஒல்லியான மனுஷி, கஞ்சி போட்ட சேலை, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை நடை. மேற்கே எங்கள் படுவான்கரைச் செம்மண் செருப்பில் ஒட்டுவதைக் குனிந்து பார்த்தாள். பின்னால் உதயரூபன். அவன் கதிரையில் இருந்த நேரமெல்லாம் கதவுப் பிணைச்சலையே பார்த்துக்கொண்டிருந்தான். மேனுகா தேத்தண்ணி கொண்டுவந்தபோதும் அதையே பார்த்தான், காது மட்டும் சிவந்திருந்தது.

அழகரத்தினம் தொண்டையைச் செருமினார். கேதீஸ்வரி உறுதியை நீட்டினாள், மடிப்போடு.

அன்னப்பூரணி கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். காணியின் அளவைப் பார்த்து அவளுடைய புருவம் மேலே போனது. பிறகு, பழைய சேலையைச் சந்தையில் விரித்துப் பார்க்கிற மாதிரி, தாளை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உதறு உதறினாள். மடிப்பு விரிந்தது. எட்டுப் பேரும் வெளியே வந்தார்கள்.

தாளில் மட்டுமில்லை, வாசலிலும் வந்தார்கள். பெண் வீட்டில் ஆள் குறைவாகத் தெரியக்கூடாது என்று முடிவெடுத்து, எட்டுப் பெண்களும் ஆளுக்கொரு தட்டோடு வந்திருந்தார்கள். முன்னால் இராசாத்தி. அன்னப்பூரணி உறுதியில் ஒவ்வொரு பேராக உரத்து வாசித்தாள். வாசிக்க வாசிக்க வாசலில் நின்றவர்கள், பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி, ஓம் ஓம் என்றார்கள். இராசாத்தியின் பேர் வந்தபோது அவள் ஓம் சொல்லவில்லை. தாளில் கிடந்த மடிப்பைப் பார்த்தாள், பிறகு கேதீஸ்வரியைப் பார்த்தாள். கேதீஸ்வரிக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. ஆனால் நிலம் சீமெந்துத் தரை, ஒன்பது பேரும் சேர்ந்து இறுக்கிப் போட்டது. லேசில் பிளக்காது.

அழகரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார்.

அன்னப்பூரணி எழுந்தாள். போகப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் முன்கதவுப் பக்கம் போகவில்லை. குசினிக்குள் நுழைந்து, பின்கதவைத் திறந்து வளவில் இறங்கினாள். கேதீஸ்வரி பின்னாலே ஓடினாள். பின்வளவில் ஒரு முருங்கை, கிணறு, துணி காயப்போட்ட கொடி. அன்னப்பூரணி இடமும் வலமும் பார்த்தாள். கிணற்றுக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"கொட்டில் எங்க மச்சாள்?"

"கொட்டில் இல்ல."

"அப்ப புள்ளைக்கு வீட்டக் குடுத்திட்டு நீங்க எங்க போவீங்க?"

பொய் சொல்ல இன்னும் ஒரு இடம் இருந்தது. கட்டப்போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கேதீஸ்வரி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் சிவப்பு வண்டி கண்ணுக்குள் வந்து நின்றது.

"நான் எங்கயும் போகமாட்டன். இந்த வீட்ட எழுதிக் குடுக்க எனக்கும் ஏலா, ஆருக்கும் ஏலா. உங்கட மகன் வந்து இரிக்கலாம். என்னோட இரிக்க வேணும். நான் சாகுமட்டும் என்ன ஒழும்பச் சொல்லக் கூடாது. விருப்பமில்லாட்டிப் போங்க."

மகளுடைய கலியாணத்தைத் தன் வாயாலேயே கிணற்றில் போட்டாயிற்று. குசினிக் கதவில் மேனுகா நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அன்னப்பூரணி கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள். இராசாத்தி எங்கிருந்தோ விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, ஒருவரும் கேட்காமலே ஏழாவதை வாசித்தாள்.

"கடைசி வரியத் திருப்பி வாசிங்க," என்றாள் அன்னப்பூரணி.

"மருமகனுக்கு அறவே இல்லை."

"இன்னொருக்கா."

இராசாத்தி மூன்றாம் தரமும் வாசித்தாள். அன்னப்பூரணி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, முருங்கை மரத்துக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"என்ட மருமகன் கோழி வளக்கான்."

"எத்தின?" என்று கேட்டாள் இராசாத்தி. அவள் வியாபாரி, அப்படித்தான் கேட்பாள்.

"இருநூறு. நான் இரிக்கிற கொட்டிலையும் சேத்தா முந்நூறு வளக்கலாமாம். தை பிறக்கக் கேட்டவன். நான் இன்னும் பதில் சொல்லல்ல."

கேதீஸ்வரிக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தனக்கு மோட்டார் சைக்கிள் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அன்னப்பூரணியும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு பேரும் கிணற்றுக் கட்டில் இருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அது முழுக்கச் சிரிப்புத் தண்ணீர்தானா என்று சுற்றி நின்றவர்கள் ஆராயவில்லை. உள்ளே அழகரத்தினம், சம்பந்தம் முறிந்து அடிதடி தொடங்கிவிட்டது என்று நினைத்துச் செருப்பைத் தேடினார்.

இவ்வளவும் தெரிந்த நீங்கள் ஏன் உறுதி கேட்டு வந்தீர்கள் என்று கேதீஸ்வரி கேட்டாள். எல்லாரும் கேட்கிறார்கள், கேட்காவிட்டால் பொடியனில் ஏதோ குறை என்று நினைப்பார்கள் என்றாள் அன்னப்பூரணி. பிறகு எழுந்து, வளவின் கிழக்கு மூலையில் பற்றை மண்டிக் கிடந்த இடத்தைக் காலால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள்.

"இதுல பத்தாவது வீடு ஒண்டு வருமா?"

இராசாத்தி செவுளைத் தூக்கிப் பார்க்கிற பார்வை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கல் அடிக்க வரவேண்டும், சுகமில்லை என்று சாட்டுச் சொல்ல முடியாது, எழுவான்கரை ஆள் என்று தனிக் கதிரை போடமாட்டோம் என்று அடுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோழிக்குத் தீன் போடுகிற வேலை மட்டும்தான், அதை அவன் போடட்டும் என்று அன்னப்பூரணி சொன்னாள். அந்த இடத்திலேயே கூட்டம் கூடியது. கை தூக்கச் சொன்னார்கள். இந்த முறை கேதீஸ்வரியின் கை காதில் நிற்கவில்லை.

உதயரூபனுக்கு நடந்தது முழுக்க விளங்கச் சில கிழமை எடுத்தது. பெண் பார்க்கப் போனவன், ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பாதைப் படகில் தாயையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்து வந்து, மேனுகா பார்த்துக்கொண்டிருக்கச் சீமெந்து குழைத்தான். கலவையில் மணல் கூடினால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கால் விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போவாள். பத்தாவது வீட்டுக்குக் கூரை ஏறியபிறகுதான் கலியாணம் என்று பத்துத் தாய்மாரும் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். அவன் அவ்வளவு வேகமாக வேலை செய்ததற்கு அதுதான் காரணம். இம்முறை புது அளவு நாடாவும் இருந்தது. இருந்தாலும் அன்னப்பூரணி அதைத் தொடவிடவில்லை, தன் நெஞ்சளவுக்கே ஜன்னல் வைப்பித்தாள். முடிந்த கையோடு உதயரூபன் கேதீஸ்வரியின் ஜன்னலையும் இடித்து ஒன்றரை அடி இறக்கிக் கட்டிக் கொடுத்தான். அன்றைக்கு முதன்முதலாக அவளுக்கு மருமகன் என்றதும் முகம் முன்னால் வந்தது.

ஆவணியில் கலியாண எழுத்து. பதிவாளர் புத்தகத்தை விரித்து வைத்துக் காத்திருக்க, இராசாத்தி நடுவில் புகுந்து, அதற்கு முன்னால் இதில் ஒரு கையெழுத்து என்று சங்கத்து விதிப் புத்தகத்தை மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்தாள். அவன் ஏழாவதைக் கடைசிவரை வாசித்தான். வாசித்துவிட்டு, மெல்லக் குனிந்து, அறவே என்று போட்டிருக்கிறதே, அது எனக்காகப் போட்டதா என்று மேனுகாவைக் கேட்டான்.

"சைன் வைங்க," என்றாள் மேனுகா. "மறுகா சொல்றன்."